மேலே பிடிக்க ஒரு ஆள்

கமாண்டர் என்று அவரை அழைத்தவர்களில் ஒருவரும் கப்பற்படையில் இருந்ததில்லை. அவரும் இருந்ததில்லை. தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்தில் துணை இயக்குநராக இருந்து, தீப்பெட்டி முதல் தீயணைப்பான் வரை சகலத்தையும் 'பரிசீலனையில்' வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய பாய்மரப் படகையும் ஒரு புதிய வெள்ளைத் தொப்பியையும் வாங்கினார். படகுகளைக் கரையேற்றி நிறுத்திப் பழுதுபார்க்கும் முற்றத்துக்காரர்கள் தொப்பியைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அவருக்கு அந்தப் பெயர் தொப்பியைவிடப் பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது.

முற்றத்தில் ஏற்கெனவே ஒரு கமாண்டர் இருக்கும் செய்தியை யாரும் அவர் காதில் போடவில்லை. அது காவல் நாய். வந்துபோகிற படகுகளையெல்லாம் கரையில் நின்று குரைத்து அதட்டும். தண்ணீரில் கால் நனைத்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் கிரேன்காரர், "கமாண்டர், வா வா" என்று கூப்பிடும்போது, தூரத்தில் நிற்கும் இவர் திரும்பிப் பார்த்துப் பெருந்தன்மையோடு கையசைத்து, "அப்புறம் வரேன்" என்று சொல்லியிருக்கிறார்.

அவர் மனைவியை எல்லோரும் ஆபரேட்டரம்மா என்றார்கள். அந்தப் பெயரில் கேலி இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள். "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தது. துறைமுக அலுவலகத்திலிருந்து யாராவது பேசும்போது, பேசுகிற குரலுக்குப் பின்னால் ஒரு இரைச்சல் கேட்கும்: காற்று, சங்கிலி, தண்ணீர். இணைப்பைக் கொடுத்த பிறகும் ஒரு நொடி கூடுதலாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். "ஒரு தடவையாவது அந்தச் சத்தத்துக்குள்ள போய்ப் பார்க்கணும்" என்று ஒருநாள் சாப்பிடும்போது வாய்விட்டாள். கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. வருஷங்கள் கழித்துத் தன் பிரிவுபசார விழாவில், "கடல் என்னுடைய நெடுநாள் கனவு" என்று அவர் மைக்கில் அறிவித்தபோது, கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் படகுக்குக் குடிவந்தார்கள். குடிவந்தார்கள் என்றால், தண்ணீரில் அல்ல. முற்றத்துச் சிமெண்டுத் தரையில், இரும்புத் தாங்கிகளின் மேல், ஏணி வைத்து ஏறுகிற உயரத்தில் படகு நின்றது. காய்கறிப் பையோடு ஏணி ஏறுவாள். குப்பைக் கூடையோடு இறங்குவாள். கடல் நாலு எட்டில் இருந்தது, மணந்தது, அவ்வளவுதான்.

படகின் முன்பக்கம் படுக்கை. தலை வைக்கும் இடத்துக்கு நேர் மேலே, வெளித்தளத்தில், கயிறு கட்டுவதற்கான ஸ்டீல் கொம்பு ஒன்றை விரல் தடிமனில் நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். போல்ட்டுகள் தளத்தைத் துளைத்துக்கொண்டு வந்து, படுக்கைக்கு மேலிருக்கும் குறுகலான அலமாரிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவில் வைக்கிற சீலண்ட் பசை சரியில்லையென்றால், மழைத் தண்ணீர் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்துவிடும்.

வந்தது.

"ஏங்க, மறுபடியும் விழுந்துடுச்சு."

"எங்க?"

"கண்ணு மேல."

"எந்தக் கண்ணு?"

"எந்தக் கண்ணா இருந்தா என்ன?"

"அப்படிச் சொல்லாதே. இடதுன்னா முன் போல்ட், வலதுன்னா பின் போல்ட். தகவல் துல்லியமா இருக்கணும்."

"சரி, அடுத்தது விழட்டும். எந்தக் கண்ணுன்னு கேட்டு வச்சுக்கிறேன்."

ஈரத் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஏணி இறங்கினாள். அந்தக் கொம்பை ஏற்கெனவே மூன்று தரம் கழற்றி, மூன்று விதமான சீலண்ட் வைத்து மாட்டியாயிற்று. மூன்று தரமும் வேலை முடிந்த அன்று ஒழுகவில்லை. நாலைந்து நாளில் ஒழுகியது. அத்தனைக்கும் அவர் அதைக் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் தவறாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மேலே போவார். படுக்கை விரித்துக்கொண்டிருக்கும் அவள் தலைக்கு மேல் கிர்க், கிர்க் என்று கேட்கும். பொறுப்பான மனுஷன் என்று நினைத்துக்கொள்வாள்.

மூன்றாவது தரமும் ஒழுகிய பிறகு கமாண்டர் வேலையை நிறுத்திவிட்டு ஆராய்ச்சியைத் தொடங்கினார். சிறு சிறு மரத்துண்டுகளில் ஸ்டீல் தகடுகளை வகைக்கொரு சீலண்ட் வைத்து ஒட்டி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். ஊறப்போட்டது அவளுடைய பால் பாத்திரத்தில்.

"அது பால் காய்ச்சுறதுங்க."

"கொஞ்ச நாளைக்குக் கறுப்பு டீ குடிக்கலாம். உடம்புக்கும் நல்லது."

"எத்தனை நாளைக்கு?"

"பரிசீலனை முடியுற வரைக்கும்."

அந்தச் சொல் அவளுக்குப் புதிதில்லை. கல்யாணப் பேச்சின்போது அவளுடைய அப்பா நேருக்கு நேராக, "தம்பி, பெண்ணைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கு, அப்போது சாதாரண எழுத்தராக இருந்த இவர், "பரிசீலிச்சுச் சொல்றேன்" என்றுதான் பதில் சொன்னார். பிறகு பெரியவர்கள் பேசி முடித்துக் கல்யாணமும் நடந்து மகளும் பிறந்து அந்த மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.

ஏணிக்குக் கீழே, பழைய பாய்த்துணி நிழலில் ஒரு பெஞ்சு. அங்கே காலையிலிருந்து சபை கூடும். ஓய்வு பெற்ற வக்கீல் ஒருவர். இன்னும் ஓய்வு பெறாத, ஆனால் நோயாளிகள் ஓய்வு கொடுத்துவிட்ட பல் டாக்டர் ஒருவர். இருவருக்கும் அதே முற்றத்தில் படகு உண்டு. இரண்டும் வெகுகாலமாகத் தாங்கியில் நிற்பவை. வக்கீலின் படகுக்குள் புறா முட்டையிட்டிருந்தது. படகில் போகாதவர்களுக்குப் படகைப் பற்றித் தெரிகிற அளவுக்குப் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை; அவர்களுக்கு நேரம் ஏது?

தலையணையை வெயிலில் போடப் போனவள் காதில் சபை விழுந்தது.

"பாலியூரித்தேன் தவிர வேற பேச்சே கிடையாது" என்றார் வக்கீல். "ஒட்டினா ஒட்டினதுதான். அப்பீலுக்கே இடமில்லை."

"நாளைக்குக் கழற்றணும்னா?" என்றார் பல் டாக்டர். "தளத்தோட பேர்த்துக்கிட்டு வரும். வேரோட பல்லு வர்ற மாதிரி. சிலிக்கான் வைங்க. இதமா இருக்கும்."

"இதமா இருந்து? ஒருதரம் சிலிக்கான் பட்ட இடத்துல அப்புறம் எதுவுமே ஒட்டாது. எண்ணெய் தடவின தலை மாதிரி ஆகிடும். உங்ககிட்டப் பல்லு அடைச்சுக்கிட்டவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு கேளுங்களேன்."

"உங்ககிட்டக் கேஸ் கொடுத்தவங்க எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். உள்ள இருக்காங்க."

"நண்பர்களே" என்று கமாண்டர் தொப்பியைச் சரிசெய்தார். "இரண்டு தரப்பையும் பதிவு பண்ணிக்கிறேன். பாலிசல்ஃபைடு இருக்கு, அது பிளாஸ்டிக்கை அரிக்கும். கறுப்பு நிறத்துல பிசுபிசுன்னு பியூட்டைல் டேப் ஒண்ணு இருக்கு, அது எப்பவும் காயாது. காயாத ஒரு பொருளை எப்படி அங்கீகரிக்கிறது? கடலுக்குப் போற விஷயம். அவசரப்படக் கூடாது."

அந்த நேரத்தில்தான் கிரேன்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நாள் முழுக்கச் சுற்றி வளைக்கிறது அவர் தொழில் என்பதாலோ என்னவோ.

"வெள்ளிக்கிழமையோட கிரேன் அடுத்த முற்றத்துக்குப் போகுது. இறக்குற படகெல்லாம் அதுக்குள்ள சொல்லிடுங்க. அப்புறம் காத்தும் திரும்பிடும். அடுத்த வருஷம்தான்."

வக்கீல் வானத்தைப் பார்த்தார். பல் டாக்டர் வக்கீலைப் பார்த்தார். கமாண்டர் ஊறிக்கொண்டிருந்த பால் பாத்திரத்தைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்ததை அவள் பார்த்தாள். அப்போது அதற்கு அர்த்தம் புரியவில்லை.

"அடுத்த வருஷம்னா நல்லதுதான்" என்றார். "முறையா முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும்."

தலையணை அவள் கையிலேயே இருந்தது. அன்று காலைதான் மகள் போனில், "அம்மா, உனக்கு ரூம் ரெடியா இருக்கு. எப்ப வர்றே?" என்று கேட்டிருந்தாள். அந்த அறையை அவளுக்குத் தெரியும். ஜன்னல் உண்டு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல் தெரியும். போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத நாற்காலி ஒன்றும் போட்டிருந்தார்கள்.

"ஏங்க" என்றாள், பெஞ்சு முழுவதும் கேட்கும்படி. "வெள்ளிக்கிழமை படகு தண்ணியில இருக்கணும். இல்லைன்னா சனிக்கிழமை நான் பொண்ணு வீட்டுல இருப்பேன். இன்னொரு மழைக்காலம் சிமெண்டுத் தரையில படகு ஓட்ட என்னால முடியாது."

"என்ன இது திடீர்னு..."

"திடீர்னா? என் கண்ணுல எத்தனை சொட்டு விழுந்தாச்சு!"

"அதுக்குத்தானேம்மா ஆராய்ச்சி. எந்த சீலண்ட்னு முடிவாகாம..."

"முடிவாகிடும். இப்பவே."

விறுவிறுவென்று போய்ப் பால் பாத்திரத்தை எடுத்துவந்து பெஞ்சின் நடுவில் டங்கென்று வைத்தாள். உப்புத் தண்ணீரைச் சாய்த்துவிட்டு மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். வக்கீலின் கட்சி வரவே இல்லை. துண்டு பாத்திரத்தின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு, பிடித்து இழுத்தால் பாத்திரமும் பெஞ்சும் சேர்ந்து எழுந்தன. பல் டாக்டரின் கட்சி சுலபமாக வந்தது. வந்த இடத்தில் ஒரு வழுவழுப்பை விட்டுவிட்டு வந்தது. விரலால் தேய்த்தாள், புடவைத் தலைப்பால் தேய்த்தாள், போகவில்லை. கடைசியாக, கறுப்பு டேப் வைத்த துண்டு. தகடு உறுதியாகத்தான் நின்றது. கத்தி முனையால் நெம்பியதும் பிரிந்தது. பாத்திரத்தில் அப்பியிருந்த பிசுக்கை அதே டேப்பின் உருண்டையாலேயே ஒற்றி எடுத்தாள். பளிச்சென்று வந்துவிட்டது.

"இதுதான்" என்றாள்.

"காரணம்?" என்றார் கமாண்டர், கோப்பில் எழுதிக்கொள்கிறவர் குரலில்.

"தண்ணி விடலை. வேணும்னா கழற்றலாம். என் பாத்திரத்தையும் கெடுக்கலை. இதுக்கு மேல என்ன காரணம் வேணும்?"

"ஆனா அது காயாதும்மா."

"நானும்தான் இத்தனை வருஷமா காயாம இருக்கேன். அங்கீகரிச்சீங்களா, இல்லையா?"

வக்கீல் இருமினார். பல் டாக்டருக்கு வீட்டில் வேலை இருந்தது நினைவுக்கு வந்தது.

மேகம் கூடிக்கொண்டிருந்தது. மழைக்கு முன் முடித்தாக வேண்டும். கொம்பைக் கழற்றினார்கள். பழைய சீலண்டின் மிச்சங்களைச் சுரண்டி, துளைகளின் வாயைத் துடைத்து, வாயோரத்தைக் கொஞ்சம் சரிவாக அகட்டினார்கள். டேப்பை விரலில் உருட்டித் திரியாக்கி, ஒவ்வொரு போல்ட்டின் கழுத்திலும் அவள் சுற்றினாள். கையெல்லாம் பிசுபிசுத்தது. இனிமேல்தான் இரண்டு ஆள் வேலை. ஒருவர் மேலே ஸ்க்ரூடிரைவரால் போல்ட்டை ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், அதோடு சரி. கீழே இருப்பவர்தான் ஸ்பானரால் நட்டைத் திருக வேண்டும். போல்ட் திரும்பினால் கழுத்திலிருக்கும் டேப் முறுக்கிக்கொண்டு பிய்ந்துவிடும். தண்ணீருக்கு வழி திறந்துவிடும்.

கீழே அலமாரிக்குள் நுழைய ஒல்லியான ஆள் வேண்டும். அவள் நுழைந்தாள். தோள் ஒரு பக்கம் இடித்தது, முழங்கால் மறுபக்கம். பழைய ஈரத்தின் புளித்த வாடை. முகத்துக்கு நேரே நாலு துளை. நாலு சின்ன வெளிச்சம். போல்ட்டுகள் இறங்கியதும் மூன்று வெளிச்சம் அணைந்தது. நாலாவது போல்ட்டைக் கமாண்டர் இன்னும் தொப்பி நிழலில் தேடிக்கொண்டிருந்தார்.

"முதல் போல்ட். பிடிச்சிருக்கா?" என்று குரல் கொடுத்தாள்.

"பிடிச்சிருக்கேன்."

ஸ்பானரை மாட்டி அரைத் திருகு திருகினாள். நட்டோடு போல்ட்டின் முனையும் திரும்பியது.

"ஏங்க, சுத்துது."

"இல்லையே."

"கண்ணு முன்னாடி சுத்துது. பிடிச்சிருக்கீங்களா, இல்லையா?"

"பிடிச்சுத்தான் இருக்கேன். மேல கொஞ்சம் லூசா தெரிஞ்சுது. சும்மா ஒரு கால் திருப்பு..."

"திருப்பக் கூடாதுன்னு டேப் டப்பாவுலயே போட்டிருக்கு. நீங்கதான் சத்தமா படிச்சுக் காட்டினீங்க."

"படிச்சேன். ஆனா மேல நிக்கிறவன் ஒண்ணுமே செய்யாம எப்படி இருக்கிறது? மேற்பார்வைன்னு ஒண்ணு வேண்டாமா?"

கழற்றி, பிய்ந்த டேப்பை வழித்தெடுத்து, புதிதாகச் சுற்றி மறுபடி. "பிடிச்சிருக்கா?" "பிடிச்சிருக்கேன்." அரைத் திருகு. இந்த முறை தூரத்தில் இடி இடித்தது. போல்ட்டின் முனை, தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி, லேசாகப் புரண்டது. கூடவே ஒரு சத்தம். கிர்க்.

அவள் கை அப்படியே நின்றது. அந்தச் சத்தத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் தவறாமல் தலைக்கு மேலே கேட்கிற சத்தம். மூன்று சீலண்டும் கெட்டுப்போனது கடைக்காரன் தப்பும் இல்லை, மழையின் தப்பும் இல்லை. பாதி காய்ந்துகொண்டிருந்ததை ஒவ்வொரு நாளும் போய்த் திருப்பித் திருப்பி விட்டுக்கொண்டிருந்திருக்கிறார், இந்தப் பொறுப்பான மனுஷன்.

கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். நாலாவது துளை இன்னும் திறந்துதான் இருந்தது. அதன் வழியே அவருடைய கண் தெரிந்தது. தொப்பி, கோப்பு, துணை இயக்குநர் எல்லாம் மேலேயே தங்கிவிட்டன. சுருக்கம் விழுந்த ஒரு கண் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா" என்றது மேலிருந்து குரல், சபைக்குக் கேட்காத குரல். "ஒருவேளை ஒழுகாமப் போச்சுன்னா?"

"போச்சுன்னா?"

"வெள்ளிக்கிழமை தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும்."

"தண்ணியில இறக்கிடுவாங்க."

"அதுக்குத்தானேங்க படகு."

கண் விலகிக்கொண்டது, துளையில் கொஞ்சம் மேகம் தெரிந்தது. அவளுக்கு முழங்கால் வலித்தது, கழுத்து வலித்தது. காலையில் அவர் முகத்தில் பார்த்த நிம்மதி ஞாபகம் வந்தது. ஊறப்போட்ட துண்டுகள் ஞாபகம் வந்தன. மனுஷன் படகை மட்டுமா தாங்கியில் நிறுத்தி வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

பிசுபிசுத்த சுட்டுவிரலை அந்தத் துளை வழியாக மேலே நீட்டினாள். பிறகு இரண்டு விரல்கள் வந்து அதைப் பிடித்துக்கொண்டன.

"ஆடாம இருக்க முடியுதா?" என்றாள்.

"ம்."

"இதே மாதிரி போல்ட்டைப் பிடிங்க. அது போதும். மிச்சம் நான் பார்த்துக்கிறேன்."

பிடித்தார். முதல் தூறல் விழுந்தபோதும் பிடித்தார். "என்ன கமாண்டர், எதுல முடிவாச்சு?" என்று வக்கீல் கீழிருந்து கேட்டபோது, பதில் சொல்லத் திரும்பாமல் பிடித்தார், அவர் பதவிக் காலத்தில் இப்படி நடந்ததில்லை. கொம்பின் அடியிலிருந்து கறுப்பு டேப் எல்லாப் பக்கமும் சமமாகப் பிதுங்கி வந்தது. வெளியே வந்ததும் அவள் செய்த முதல் வேலை, ஸ்க்ரூடிரைவரை வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடியதுதான்.

மழை பிடித்துக்கொண்டது. சோதனைக்கு அவள் தலையணையில் அவரே படுத்தார், தொப்பியோடு. ஏணியில் வக்கீலும் பல் டாக்டரும் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"வாயை மூடிக்குங்க" என்றாள் அவள். "உள்ள விழுந்தா கணக்குல வராது."

தளத்தில் மழை ஆணி அடிக்கிற மாதிரி அடித்தது. அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு விழவில்லை. மழை விட்டு, மறுபடி வலுத்து, ஓய்ந்தது. விழவில்லை.

"விழலை" என்றார் எழுந்து உட்கார்ந்து. துக்கச் செய்தி சொல்கிற தோரணை.

அதற்கப்புறம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலமானால் கை தானாக ஸ்க்ரூடிரைவரைத் தேடும். இல்லையென்றதும் ஏணி இறங்குவார், முற்றத்தைச் சுற்றுவார், ஏணி ஏறுவார். தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்ப்பார். தொப்பியைக் கழற்றி உள்ளே பார்ப்பார், மாட்டுவார். பழைய கமாண்டரும் வாலாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே சுற்றியது. மழை மறுபடி வந்தும் தலையணை உலர்ந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை கிரேன் படகைத் தூக்கியது. சிமெண்டுத் தரையில் வேரோடிப் போயிருந்ததாக எல்லோரும் நினைத்த படகு, வயிற்றில் இரண்டு பட்டையோடு ஆகாயத்தில் தொங்கியது. பிறகு மெதுவாகத் தண்ணீரில் உட்கார்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. அவள் முதல் ஆளாக ஏறினாள். காலுக்கடியில் தரை அசைந்தது. காற்று, சங்கிலி, தண்ணீர்: பல வருஷங்களாகக் குரல்களுக்குப் பின்னால் கேட்ட சத்தம், இப்போது முன்னால் எந்தக் குரலும் இல்லாமல் கேட்டது.

புதிதாக மாட்டிய கொம்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை கமாண்டரின் கையில் இருந்தது. கரையில் நின்றார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை. சிலை மாதிரி, இம்மியும் ஆடாமல் நின்றார். பெஞ்சுச் சபை முழுவதும் வழியனுப்ப வந்திருந்தது.

"ஏறுங்க" என்றாள்.

"கயிறைப் பிடிச்சிருக்கேன்."

"பிடிச்சது போதும். அன்னைக்கு ஆடாதீங்கன்னா ஆடினீங்க. இன்னைக்கு ஆடுங்கன்னா ஆட மாட்டேங்கிறீங்க."

"நல்லாப் பிடிச்சுக்கணும்மா. நீரோட்டம் இருக்கு."

கிரேன்காரருக்கு அடுத்த படகு காத்திருந்தது. மேலேயிருந்து குரல் கொடுத்தார்: "ஏறு கமாண்டர், ஏறு!"

உத்தரவை மதித்து ஒரு கமாண்டர் ஏறியது. கரையிலிருந்து ஒரே தாவு. தளத்தில் வழுக்கி, சமாளித்து, கொம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாலை ஆட்டியது. வக்கீல் வாயைப் பிளந்தார். பல் டாக்டர் அந்த வாயைத் தொழில் முறையில் ஒரு பார்வை பார்த்தார். கமாண்டர் நாயைப் பார்த்தார், கிரேன்காரரைப் பார்த்தார், 'வா வா' என்று கேட்டபோதெல்லாம் தான் கையசைத்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். காது சிவந்தது.

கயிற்றைப் பிடித்தபடியே படகின் விளிம்புக்கு நெருங்கி வந்தார். அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"அதுக்கு நீச்சல் தெரியும்."

கல்லூரிக் காலத்தில் ஏரியைக் குறுக்கே நீந்திக் கடந்த கதையை அவள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். விருந்தாளிகளுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். இப்போது அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து கையை நீட்டினாள். விரலிடுக்கில் கறுப்பு டேப்பின் பிசுக்கு இன்னும் போகவில்லை.

கயிற்றைக் கிரேன்காரரின் ஆளிடம் கொடுத்துவிட்டு அவர் அந்தக் கையைப் பற்றினார். ஒரு கால் கரையில், ஒரு கால் படகில், நடுவில் பச்சைத் தண்ணீர். தொப்பி கழன்று விழுந்து மிதந்து போனது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"பிடிச்சிருக்கா?" என்றாள்.

"பிடிச்சிருக்கு" என்றார், உடனே.